விதை செய்த கைகள்

நவீன கலைக்கூடங்களுக்கு மாணவரை அணியணியாக அழைத்துச் செல்லும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. நல்ல வழக்கமே. ஆயின், சென்றவர் எதனைக் கண்டு மீள்கின்றனர்? வழிகாட்டி முன்னே, ஆசிரியர் பின்னே, நடுவிலே ‘தொடாதே, பேசாதே’ என்ற கட்டளை. கையிலே ஒரு வினாத்தாள். படைப்பின் பெயர், கலைஞரின் பெயர், ஆண்டு, மூலப்பொருள் ஆகிய நான்கையும் நிரப்பிவிட்டால் கலை கற்றாயிற்று!

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையில், 1981 வரை இயங்கிய மின்நிலையமொன்று 2000ஆம் ஆண்டிலே ‘ரேற் மொடேர்ண்’ என்னும் கலைக்கூடமாயிற்று. 2010 ஒக்டோபரில் அதன் பெருமண்டபத்திலே சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் ‘சூரியகாந்தி விதைகள்’ பரப்பப்பட்டன. ஏறத்தாழ 10 கோடி விதைகள், அத்தனையும் பீங்கான். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெசென் நகரின் தொழிலாளர் சுமார் 1,600 பேர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து அவற்றை ஆக்கினர். ஒவ்வொரு விதையிலும் கோடுகள் கையாலேயே தீட்டப்பட்டன.

முதலிலே பார்வையாளர் அவ்விதைகள்மீது நடந்தனர். சில நாட்களுள் அது தடுக்கப்பட்டது. காலடியில் எழும் பீங்கான் தூசி சுவாசத்துக்குத் தீங்கானது என்பதே காரணம். தடுத்தது முறையே. ஆனால், சிறுபொழுது நடந்து செல்பவரின் சுவாசப்பைக்கே இத்துணை தீங்கு என்றால், களிமண்ணோடும் தூசியோடும் வாழ்நாளைக் கழிப்பவரின் சுவாசப்பை என்னாகும்? சிலிக்காத் தூசி மட்பாண்டத் தொழிலாளரின் உயிர்குடிக்கும் நோயைத் தருவது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. இக்கேள்வி எந்த மாணவரின் வினாத்தாளில் இருக்கிறது?

கலைஞர் உழைப்பை மறைத்தாரல்லர். தொழிலாளர் வேலை செய்யும் காட்சிகளைக் கொண்ட படம் அங்கேயே காட்டப்பட்டது. காட்டப்பட்டதையும் காணாது கடந்து செல்லப் பழக்குவது நமது கல்விமுறையே. அக்கண்காட்சித் தொடருக்கு நிதியளித்த சவர்க்காரக் கம்பனியின் பெயரே தொடரின் பெயராகவும் விளங்கிற்று: ‘யுனிலீவர் தொடர்’. பணம் தந்தவருக்குப் பெயருண்டு; கருத்துத் தந்தவருக்குப் பெயருண்டு; கைகளைத் தந்தவர்கள் வெறும் தொகையாகவே நின்றனர்.

“அழகை அழகாகவே காணட்டும்; கூலிக் கணக்கை அங்கே கொண்டுவந்து இரசனையைக் கெடுக்காதீர்” என்பர் சிலர். வாசலில் கட்டணமில்லை, ஆகவே கலை மக்களுடையதாயிற்று என்றும் கூறுவர். கட்டணமில்லா வாசல் வரவேற்கத்தக்கது. ஆனால் வாசல் திறந்ததனால் மட்டும் கண் திறந்துவிடாது. அவ்விதைகளின் அழகுதான் எங்கிருந்து வந்தது? ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமையிலிருந்து. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? தூரிகை பிடித்த மனிதக் கைகளிலிருந்து. உழைப்பை அறிதல் இரசனையைக் கெடுப்பதன்று. இரசனைக்கு அடித்தளமிடுவது அதுவே.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த முறை மாணவரை அழைத்துச் செல்லும்போது வினாத்தாளில் மூன்று வினாக்களைச் சேர்த்துவிடுங்கள்: இதனைச் செய்த கைகள் யாருடையவை? இதற்குப் பணம் தந்தவர் யார், ஏன் தந்தார்? செய்தவர்கள் இம்மண்டபத்துக்கு வந்து இதனைக் காண முடியுமா?

மாணவரே, அவ்வினாக்கள் உங்கள் தாளில் இல்லையெனில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கலைக்கூடத்திலே மௌனம் காப்பது பண்பாயிருக்கலாம். கேள்வியின்றி வெளியேறுவது கல்வியாகாது.