உரிமையாளரின் கையொப்பம்

2017ஆம் ஆண்டின் இறுதியில் ஐமேக் புரோவிலும், மறு ஆண்டில் மேக்புக் புரோ, மேக்புக் ஏர், மேக் மினி ஆகியவற்றிலும் ஆப்பிள் நிறுவனம் டி2 என்னும் தனிச் சில்லு ஒன்றைப் பொருத்தியது. இன்டெல் செயலி இயங்கத் தொடங்குமுன்பே தான் விழித்துக்கொண்டு, அச்செயலி ஏற்கவிருக்கும் முதல் நிரலில் அங்கீகாரம் பெற்ற கையொப்பம் உண்டா என்று பரிசோதித்து, உள்ளிருக்கும் சேமிப்பகத்தில் எழுதப்படும் யாவற்றையும் வெளியே எடுக்கவொண்ணாத இரகசியத் திறவுகோலால் குறியாக்கம் செய்து காக்கும் இச்சில்லு, மடிக்கணினியைத் திருட்டுக் கொடுத்தவருக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நான் சிறிதும் மறுக்கவில்லை.

என் ஆட்சேபம், அந்தப் பரிசோதனையில் எவருடைய கையொப்பம் செல்லும் என்பதைப் பற்றியது. ஆப்பிளின் கையொப்பம் செல்லும். ஆப்பிளே தரும் பூட் கேம்ப் என்னும் கருவி வழியாக விண்டோஸை நிறுவினால் மைக்ரோசாஃப்ட் அதற்கு இட்ட கையொப்பமும் செல்லும். ஆனால் உபுண்டு, ஃபெடோரா முதலிய லினக்ஸ் வகைகள் பிற கணினிகளில் தடையின்றித் தொடங்க உதவும் மைக்ரோசாஃப்டின் மற்றொரு சான்றிதழை டி2 ஏற்பதில்லை. விலை கொடுத்து வாங்கியவர் தமக்கென ஒரு திறவுகோலை உண்டாக்கிப் பதிவு செய்யவும் அதில் மார்க்கமில்லை.

ஆகவே லினக்ஸை நாடுகிறவர், கமாண்டு, ஆர் விசைகளை அழுத்தியபடி கணினியைத் தொடங்கி, மீட்புப் பகுதியில் நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தந்து, தொடக்கப் பரிசோதனையை அறவே நீக்கிவிட்டுத்தான் உள்ளே வர முடிகிறது. அதன் பின்னரும் விசைப்பலகை, தொடுபலகை, ஒலி ஆகியவை டி2 வழியாகவே இணைந்திருப்பதால், தன்னார்வலர்கள் அரும்பாடுபட்டு எழுதிய டிரைவர்கள் வேண்டும். வைஃபைக்கான ஃபர்ம்வேரை மேக்ஓஎஸ்ஸிலிருந்தே எடுத்துவர வேண்டும். பழைய கணினியை வாங்கியவர் விவரமறியாமல் வட்டு முழுவதையும் அழித்துவிட்டாலோ, நிர்வாகி எவரும் இல்லை என்று மீட்புப் பகுதி கையை விரித்துவிடும். மேக்ஓஎஸ்ஸை மறுபடி நிறுவி, அதில் ஒரு கணக்கைத் தொடங்கிய பிறகே அதை விட்டு விலகும் அனுமதி கிடைக்கும்.

இத்தனையும் பாதுகாப்பின் நிமித்தம் தவிர்க்க முடியாதவை என்று வாதிப்போருக்கு ஆப்பிளே மறுமொழி தந்திருக்கிறது. 2020இல் இன்டெல்லுக்குப் பதிலாகத் தன் சொந்த எம்1 சில்லுடன் அது வெளியிட்ட கணினிகளில் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனிப் பாதுகாப்பு விதி உண்டு; உரிமையாளர் தம் கடவுச்சொல்லால் தம்மை நிரூபித்து, தாம் தேர்ந்த கெர்னலுக்கு அக்கணினியின் சில்லையே கையொப்பமிடச் செய்யலாம்; அருகிலுள்ள மேக்ஓஎஸ்ஸின் முழுப் பாதுகாப்பு அதனால் குறைவதில்லை. அக்கணினிகளுக்கென உருவான அசாஹி லினக்ஸ் அந்த வழியாகத்தான் இயங்குகிறது. உரிமையாளரை நம்புவதும் திருடனைத் தடுப்பதும் ஒரே இயந்திரத்தில் சாத்தியம் என்று அறிந்தவர்கள், முந்தைய கணினிகளை வாங்கியவர்களுக்கு மட்டும் அதை ஏன் மறுக்க வேண்டும்?

இது காலம் கடத்தும் விஷயமன்று. 2018, 2019ஆம் ஆண்டு மேக்புக் ஏர்களுக்கு 2024இல் வந்த மேக்ஓஎஸ் பதிப்பான செகோயா கிடைக்கவில்லை. 2025இல் வந்த டாஹோவே இன்டெல் கணினிகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. திடமான உலோக உடலும் நேர்த்தியான திரையும் கொண்டு, இன்னும் பல்லாண்டு உழைக்கத்தக்க அக்கணினிகளுக்கு லினக்ஸ் புது ஆயுள் அளிக்கும். ஆதரவை முற்றாக நிறுத்துமுன், உரிமையாளர் தம் திறவுகோலைப் பதிவு செய்ய இடமளிக்கும் புதுப்பிப்பு ஒன்றை டி2வுக்கு ஆப்பிள் வழங்க வேண்டும். தன்னார்வலர்கள் எத்துணை வல்லவராயினும் இந்த ஒன்றை அவர்களால் செய்ய இயலாது. டி2வின் ஃபர்ம்வேரும் முறையான வழியில் ஆப்பிளின் கையொப்பமின்றி இயங்காது.