பாரம் யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே

பயிரை விளைவிப்பதோடு குடியானவரின் வேலை முடிந்துவிடுவதில்லை. விளைந்த பொருள் சந்தையைச் சேர்ந்து, விலையாகி, பணம் வீடு வந்து சேரும் வரையில் அவருடைய கவலை ஓய்வதில்லை. முற்காலத்தில் களத்துக்கும் சந்தைக்கும் இடையே இப்பணியைச் செய்து வந்தவை இரட்டை மாட்டு வண்டிகள். இப்பொழுது அவற்றின் இடத்தைச் சிறு சரக்கு மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. 2005-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டாட்டா ஏஸ் என்னும் சிறு வண்டிக்கு நம் மக்கள் 'குட்டியானை' என்று செல்லப் பெயர் இட்டனர். அதனினும் பெரிய பிக்-அப் வண்டிகளும் இன்று கிராமந்தோறும் காணப்படுகின்றன. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி செல்வதும், நீலகிரியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதும் பெரும்பாலும் இத்தகைய வண்டிகளாலேயே ஆகும்.

இவ்வண்டிகளால் விளைந்த நன்மை சிறிதன்று. லாரி நுழைய இயலாத வண்டித்தடத்திலும் இவை நுழைகின்றன. சிறு குடியானவரும் தம் விளைவைத் தாமே சந்தைக்குக் கொண்டு செல்ல இவை வழி செய்தன. ஆயினும், இவற்றைக் கையாளும் முறையில் நம்மிடையே ஓர் அலட்சியம் வேரூன்றியிருக்கிறது. விபத்து நேர்ந்தவுடன், "டிரைவர் கவனக்குறைவாய் ஓட்டினான்" என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். அவ்வாறு சொல்வது முழு உண்மை ஆகாது என்பது நமது கருத்து. எத்தனை மூட்டை ஏற்றுவது, அவற்றின்மீது எத்தனை பேரை உட்காரவைப்பது, எந்நேரத்துக்குள் சந்தையைச் சேர்வது என்பனவற்றையெல்லாம் வண்டி புறப்படுமுன்பே தீர்மானிப்பவர் பெரும்பாலும் பாரத்துக்கு உடையவரே. ஆகையால் வண்டி வாடகை வண்டியே ஆயினும், பாரம் யாருடையதோ அவருக்கே பொறுப்பில் பெரும்பங்கு உண்டு.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பாரவண்டி பூட்டும் குடியானவர், முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும் என்றும், பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுகும் என்றும் அறிந்து, மூட்டைகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிச் சரிபார்த்த பின்னரே வண்டியை நகர்த்துவார். அளவுக்கு மிஞ்சிய பாரம் அச்சை முறிக்கும் என்பதைத் திருக்குறளும் உவமையாக எடுத்தாள்கிறது. அன்றியும், மாடு வாயில்லாப் பிராணியே ஆயினும், தாங்கவொண்ணாத பாரத்தை ஏற்றினால் நின்றுவிடும், படுத்தும் விடும். இயந்திரமோ மறுப்பதில்லை. இரு மடங்கு ஏற்றினாலும் உறுமிக்கொண்டு புறப்பட்டுவிடும். புறப்பட்டுவிட்டதாலேயே அதற்குத் தாங்கும் வலிமை உண்டு என்று நினைப்பதுதான் பெரும்பிழை. இழுக்கும் வலிமை வேறு, நிறுத்தும் வலிமை வேறு. பாரம் மிகுந்த வண்டியின் குறை அது புறப்படும்போது தெரிவதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில்தான் தெரிகிறது.

கணக்கைச் சிறிது பார்ப்போம். முதலில் வந்த குட்டியானை வண்டிக்குக் குறித்த பாரம் 750 கிலோகிராம், அதாவது முக்கால் டன். 75 கிலோ கொண்ட நெல் மூட்டையானால் பத்தே மூட்டைகள். 50 கிலோ கொண்ட பொட்டாஷ் உர மூட்டையானால் பதினைந்து. 45 கிலோ கொண்ட யூரியா மூட்டையானால் பதினாறு. களத்தில் நின்று பார்ப்பவர்க்கு இவ்வளவு மூட்டைகள் ஏற்றிய பின்பும் தட்டில் இடம் மிச்சமிருப்பதாகவே தோன்றும். இடம் இருப்பது ஏற்றுவதற்கு அனுமதி ஆகாது. கோடையில் தென்னங்கன்றுகளுக்கு நீர் கொண்டு செல்வோர் 1,000 லிட்டர்த் தொட்டியை அவ்வண்டியில் ஏற்றி நிரப்புவதைக் காண்கிறோம். 1,000 லிட்டர் நீர் 1,000 கிலோ எடையாகும்; தொட்டியின் கனத்தைச் சேர்க்காமலே அளவு கடந்துவிட்டது. தொட்டியில் பாதியளவு நீர் இருப்பினும் அபாயம் நீங்குவதில்லை. வளைவில் திரும்பும்போது அந்நீர் ஒரு பக்கமாய்ப் பாய்ந்து வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். வண்டிக்கு வண்டி அளவு மாறுபடுமாதலால், பதிவுப் புத்தகத்தில் கண்டுள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்துப் பார்க்க வேண்டும். கிடைக்கும் மிச்சத்தினுள்ளேயே சரக்கும், சாக்கும், கூடையும், டிரைவரும், உடன் செல்பவரும் அடங்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டமும் இப்பொறுப்பை டிரைவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அளவுக்கு மிஞ்சிய பாரத்துடன் வண்டியை ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட இடங்கொடுப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் அபராதம் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆயிற்று. மிகுதிப் பாரத்தை இறக்கும் கூலியும் அதனுடன் சேரும். பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அளவு கடந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாரத்துக்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. சிறு குடியானவர் ஒரு நடையில் மிச்சம் பிடிக்க எண்ணிய வாடகையோடு இத்தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால் இலாபம் எது, நஷ்டம் எது என்பது தானே விளங்கும்.

அளவறிந்து ஏற்றினால் மட்டும் போதாது. அடுக்கும் முறையும் அறிய வேண்டும். கனமான மூட்டைகள் அடியிலும், பின் அச்சுக்குச் சற்று முன்னாகவும் அமைய வேண்டும். பின் அச்சுக்கும் பின்னால் பாரம் குவிந்தால் முன்சக்கரங்கள் தரையில் அழுந்தப் பற்றா. திருப்பிய பக்கம் வண்டி திரும்பாது. இரவில் விளக்கின் ஒளியும் மேல்நோக்கி எழுந்து எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். இடப்புறமும் வலப்புறமும் பாரம் ஒத்திருத்தல் அவசியம். வைக்கோல் கனமற்றதே என்று உயர உயர அடுக்குவது தவறு. பாரம் உயர உயர வண்டி கவிழ்வது எளிதாகும்; குறுக்கே செல்லும் மின்கம்பியில் உரசினால் தீப்பற்றவும் கூடும். கயிற்றைக் கட்டிய பின், நாலைந்து கிலோமீட்டர் சென்றதும் ஒரு முறை நிறுத்தி, தளர்ந்திருந்தால் இறுக்கிக் கட்டுதல் நலம். ஏனெனில் குலுக்கத்தில் பாரம் அமுங்கி, கட்டிய கயிறு தளர்ந்துவிடும்.

இனி, கூறுவதற்கே வருத்தந்தரும் ஒரு வழக்கத்தைக் கூறவேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் பெண்மக்களைச் சரக்கு வண்டியின் தட்டில் நிற்கவைத்து ஏற்றி வருகிறோம். திரும்பும்போது மூட்டைகளின்மேல் உட்காரவைத்து அனுப்புகிறோம். சரக்குத் தட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை, உட்காரப் பலகையும் இல்லை. பிரேக்கை ஒரு முறை அழுத்தி மிதித்தால், மூட்டை சரிவதற்கு முன்னரே மனிதர் சரிந்துவிடுவர். நின்று செல்வோரின் கனம் மேலே இருப்பதால் வண்டி கவிழ்வதும் எளிதாகிறது. 1994-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், சரக்குக்கு உடையவரோ அவருடைய பிரதிநிதியோ உடன் செல்வதற்கே இன்ஷ்யூரன்ஸில் இடம் செய்தது. சரக்கு வண்டியைப் பஸ்ஸாகக் கொண்டு ஏறிச் செல்வோர்க்கு அது பாதுகாப்பளிப்பதில்லை. அன்றாடக் கூலியால் குடும்பத்தைக் காப்பவர் கைகால் இழந்தால் அக்குடும்பத்தின் கதி என்ன? நம் வயலில் வேலை செய்ய வந்தவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும் நம் கடமையே அன்றோ? தூரம் மிகுதியானால் பிரயாணிகளுக்கென அமைந்த வண்டியை, அண்டை வயற்காரரும் தாமுமாகச் சேர்ந்து அமர்த்திக்கொள்ளலாம்.

ஓட்டும் முறையிலும் பாரத்துக்கு உடையவரின் கை இருக்கிறது. "ஏலம் தவறிவிடும், விரைந்து போ" என்று அவசரப்படுத்துபவர் அவரே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அபாயத்தைக் கண்டு கால் பிரேக்கை அடைவதற்குள் அவ்வளவு தூரம் கழிந்துவிடுகிறது. அதன் பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. மலைப்பாதையில் இன்னும் எச்சரிக்கை தேவை. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையில் அன்னாசியும் மரவள்ளியும் ஏற்றி இறங்கும் வண்டி, பிரேக்கை ஒன்றையே நம்பினால் அது சூடேறி, வேண்டிய சமயத்தில் பிடிக்காமற் போகும். எண்ணெய் மிச்சமாகும் என்று கியரை விடுத்து நியூட்ரலில் உருட்டுவது உயிரைப் பணயம் வைப்பதேயாகும். ஏறுவதற்கு வேண்டிய தாழ்ந்த கியரிலேயே இறங்குதல் நல்ல விதி.

வண்டி நின்றுவிட்டால் அபாயம் தீர்ந்தது என்று எண்ணலாகாது. சரிவில் நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஏற்றத்தை நோக்கி நின்றால் முதற் கியரிலும், இறக்கத்தை நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரிலும் வைத்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் கொடுக்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு டிரைவர் இறங்கிப் போவதைச் சட்டமும் தடுக்கிறது. களத்தில் பின்னோக்கி நகர்த்துமுன் ஒருவர் இறங்கி நின்று, குழந்தைகளோ கதிரடிப்போரோ பின்னால் உளரா என்று பார்த்தல் வேண்டும். வழியில் பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பின் ஒரு தழைக் கொப்பை ஒடித்துச் செருகுவது நம் வழக்கம். பகலில் அது போதுமாயினும் இரவில் அது கண்ணுக்குப் புலப்படாது. நான்கு பக்கத்து விளக்குகளும் மின்னுமாறு செய்து, ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு முக்கோணப் பலகையைத் தொலைவில் வைக்க வேண்டும். சுற்றிலும் அடுக்கிய கற்களை அப்படியே விட்டுச் செல்வது, அடுத்து வரும் இருசக்கர வண்டிக்காரருக்குக் குழி தோண்டுவது போன்றதாகும்.

பழுதான டிராக்டரையோ வண்டியையோ பிக்-அப் கொண்டு இழுத்துச் செல்வதும் கிராமங்களில் அடிக்கடி நிகழ்வது. கிணற்றுக் கயிற்றையும் மாட்டுக் கயிற்றையும் இதற்குப் பயன்படுத்தலாகாது. இழுப்பதற்கென அமைந்த வலுவான பட்டையையோ, கூடுமானால் இரும்புத் தண்டையோ, சட்டத்தோடு இணைந்த கொக்கியில் மாட்ட வேண்டும். பம்பரில் கட்டினால் அது பிய்ந்து வரும். இரு வண்டிகளுக்கும் இடைத்தூரம் ஐந்து மீட்டருக்கு மேற்படாமலும், வேகம் மாட்டு வண்டியைச் சிறிதே விஞ்சியதாகவும் இருந்தால் போதும். பின்வண்டியில் ஓட்டத் தெரிந்து லைசென்சு பெற்றவரே அமர வேண்டும். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வழக்கத்தினும் கடினமாக இருக்கும் என்பதை அவர் முன்னரே அறிந்திருத்தல் அவசியம். கயிறு இறுகி நிற்கையில் அருகில் எவரும் நிற்கலாகாது. அறுந்த கயிறு சாட்டைபோல் வீசி எலும்பையும் முறிக்கும்.

"இவையெல்லாம் ஏட்டுக்கு நல்லவை, இரண்டு நடை வாடகை கொடுக்க ஏழைக் குடியானவனுக்குக் கட்டுமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை அபாயத்தை ஏற்பதன்று; வாடகை பேசும் முறையை மாற்றுவதே. நடைக்கு இவ்வளவு என்று பேசுவதால், ஒரு நடையில் இயன்ற மட்டும் திணிக்கும் ஆசை சரக்குக்காரருக்கு எழுகிறது; மறுத்தால் அடுத்த சவாரி போய்விடும் என்ற அச்சம் டிரைவருக்கு எழுகிறது. எடைக்கு இவ்வளவு என்று பேசினால் இவ்விரண்டும் ஒருங்கே நீங்கும். ஒரே ஊரைச் சேர்ந்த நாலைந்து பேர் தம் சரக்கைச் சேர்த்து, தக்க பெரிய வண்டியை அமர்த்தினால் மூட்டைக்கு ஆகும் செலவும் குறையக்கூடும். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்வேற்பாட்டை ஏற்று நடத்துவது பெரிதும் விரும்பத்தக்கது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் வண்டிகளை எடைமேடையில் நிறுத்திப் பார்த்து, மிகுதிப் பாரத்தை அவ்விடத்திலேயே சுட்டிக்காட்டும் வழக்கமும் ஏற்பட்டால் அபராதத்தினும் அது மிகுந்த பயன் தரும்.

நான்கு மாதம் மழையையும் பூச்சியையும் காத்து விளைவித்த பொருளை, நாற்பது கிலோமீட்டர் வழியில் இழப்பது எவ்வளவு பரிதாபம்! அதனோடு ஓர் உயிரும் போகுமானால் எந்தச் சந்தை விலையும் அதற்கு ஈடாகாது. ஆதலால், அடுத்த முறை வண்டி களத்துக்கு வரும்பொழுது, "இன்னும் இரண்டு மூட்டை போடு" என்று சொல்லுமுன் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு நம் உழவர் பெருமக்களை வேண்டிக்கொள்கிறோம். அளவு மிஞ்சினால் "போதும்" என்று சொல்லவேண்டியவர் டிரைவர் அல்லர், சரக்குக்கு உடையவரே.