ஆகாய வழித் திண்ணை

அந்தக் காலத்து வீடுகளில் வாசலில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் யாராயினும் அதில் படுத்து எழுந்து போகலாம். "நீ யார், எந்த ஊர்?" என்ற விசாரணை கிடையாது. உள்ளே வருவதற்குத்தான் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.

ஆகாய விமானப் பிரயாணத்திலும் இதே சம்பிரதாயந்தான்! நடுவழியில் விமானம் மாறுகிறவர், நிலையத்துக்குள்ளேயே காத்திருந்து அடுத்த விமானத்தில் ஏறிவிட்டால், பல நாடுகளில் விசா தேவையில்லை. அதுதான் திண்ணை. ஊருக்குள் போய்ப் பார்க்க ஆசைப்பட்டால்தான் விசா.

சில வீடுகளில் திண்ணையே கிடையாது. அமெரிக்காவில் முன்பு விசா இல்லாமல் விமானம் மாற இடம் கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2003 ஆகஸ்டில் அதை நிறுத்திவிட்டார்கள். அங்கே விமானம் மாற மட்டுமே இறங்கினாலும் இந்தியருக்கு விசா வேண்டும்.

சிங்கப்பூர் இதற்கு நேர் மாறு. அந்த ஊருக்குப் போக இந்தியர் விசா வாங்கியாக வேண்டும். ஆனால் அதன் வழியாக வேறொரு நாட்டுக்குப் போகிறவரை, "உள்ளே வாருங்கள், 96 மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள்" என்று விசா இல்லாமலே அழைக்கிறது.

உடனே பெட்டி கட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நிபந்தனைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியா, கானடா, ஜெர்மனி, ஜப்பான், நியூஸிலாந்து, ஸ்விட்ஸர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளில் ஒன்று கொடுத்த விசா கையில் இருக்க வேண்டும். 96 மணிக்குள் புறப்படும் டிக்கெட்டும் வேண்டும். சென்னையிலிருந்து போய்ச் சென்னைக்கே திரும்புகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் வழிப்போக்கர் அல்லவே, விருந்தாளி ஆயிற்றே!

ஒரே விமானத்தில் சென்னையிலிருந்து இரண்டு பெண்கள் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி பெண்ணின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலிய விசாவோடு சிட்னிக்குப் போகிறாள். மற்றவள் புதுக் கணவனோடு பாலித் தீவுக்குப் போகிறாள். இருவர் கையிலும் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனாலும் முதல்வள் சிராங்கூன் சாலைக்குப் போய் வீரமாகாளியம்மனைத் தரிசித்து வரலாம். எட்டு நாட்டு விசா எதுவும் இல்லாத மற்றவளுக்கோ திண்ணைதான்! காரணம் எளிது. ஆஸ்திரேலியா ஏற்கெனவே விசாரித்து அநுமதித்தவள் என்பதே முதல்வளுக்கு நற்சாட்சிப் பத்திரம். அயல் வீட்டுக்காரர் நம்பியவரை நாமும் நம்பலாம் என்ற கணக்கு.

சீனாவிலும் இத்தகைய சலுகை உண்டு. 2013-ல் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் 72 மணி நேரமாக இருந்தது, 2024 டிசம்பரில் பல நகரங்களுக்கு 240 மணி நேரமாக வளர்ந்துவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டினர் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள்; இந்தியர் சேரவில்லை. எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது அவரவர் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது!

அம்மாவைத் தனியாக அனுப்பும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. விலை மலிவு என்று இரண்டு விமானக் கம்பெனிகளில் தனித் தனியாக டிக்கெட் வாங்கும்போது யோசியுங்கள். பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகாவிட்டால், அதை எடுக்கக் குடியேற்ற அதிகாரியைத் தாண்டி வெளியே வந்தாக வேண்டும். அநுமதி இல்லாதவர் அந்த இடத்தில் திண்டாடுவார். ஆகவே டிக்கெட் ஒன்றாகவே இருக்கட்டும். விசாவின் நகல் கைப்பையிலேயே இருக்கட்டும். சிங்கப்பூரில் இறங்கி வெளியே போவதானால், வருகைப் படிவத்தை மூன்று நாளுக்குள் முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. இத்தனையும் சரியாக இருந்தாலும் உள்ளே விடுவதும் விடாததும் அதிகாரியின் இஷ்டம். விதிகளும் மாறும், புறப்படுமுன் அந்நாட்டுக் குடியேற்ற இலாகாவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது சாமர்த்தியந்தான். அம்மா விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்து கலங்காமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய சாமர்த்தியம்.