புல்லுக்குக் குத்தகை

அமெரிக்காவில் அரசாங்கமே விவசாயியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிற ஒரு திட்டம் இருக்கிறது. எடுத்து எதையும் விளைவிக்காது. புல் வளர்ந்தால் போதும். ரீகன் காலத்து 1985 வேளாண் சட்டத்தில் பிறந்த இதை சி.ஆர்.பி. என்பார்கள். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டு வரை.

சும்மா கிடக்கிற நிலத்துக்குக் காசா என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. அதற்குப் பதில் பழைய கதையில் இருக்கிறது. கோதுமை நல்ல விலைக்குப் போன காலத்தில் கான்சாஸ், ஒக்லஹோமா பக்கத்துப் புல்வெளிகளை உழுது தள்ளினார்கள். 1930-களில் மழை பொய்த்ததும் மண் எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14-ஐ இன்றும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

நிலத்தைச் சும்மா போடுவதும் லேசான வேலை இல்லை. கவுன்ட்டி, அதாவது மாவட்ட, வேளாண் அலுவலகத்தில் வானிலிருந்து எடுத்த படத்தை விரித்து, அவரவர் வயலை எண் சொல்லிக் காட்டுவார்கள். மண் எவ்வளவு அரிக்கும், என்ன புல் விதைக்கப் போகிறீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அந்த மண்ணுக்கே உரிய புல் என்றால் கூடுதல். சேர்ந்த பிறகு, பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் இஷ்டத்துக்குப் புல்லை வெட்ட முடியாது.

எனக்குப் பிடித்த விதி வேறொன்று. ஒரு கவுன்ட்டியின் சாகுபடி நிலத்தில் கால் பங்குக்கு மேல் பொதுவாகச் சேர்க்கக் கூடாது. எல்லாரும் புல்லுக்கு விட்டுவிட்டால் விதைக்கடையும் உரக்கடையும் என்ன ஆவது? சட்டம் எழுதியவர்களில் யாரோ ஊர்க்காரர் இருந்திருக்க வேண்டும்.

2007-இல் திட்டத்தில் சுமார் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இருந்தது. அதுதான் உச்சம். அதே ஆண்டு, பெட்ரோலில் கலக்க வேண்டிய எத்தனால் அளவை நாடாளுமன்றம் வெகுவாக உயர்த்தியது. எத்தனாலுக்கு மக்காச்சோளம் வேண்டும். 2005-இல் புஷல் 2 டாலர் அளவில் விற்ற மக்காச்சோளம், வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2012-இல் 7 டாலரைத் தாண்டியது. 2007 உச்சத்திலிருந்து ஆறே ஆண்டில் சி.ஆர்.பி. பரப்பில் சுமார் 1 கோடி ஏக்கர் குறைந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினால் வேறென்ன நடக்கும்?

விவசாயியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அப்போது ஏக்கருக்குச் சராசரியாக 50 டாலர் சொச்சம் குத்தகை வாங்கியவர், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் மக்காச்சோளம் விளைந்த பக்கத்து வயலைத்தான் பார்த்திருப்பார். அவருக்கும் வங்கிக் கடன் இருந்திருக்கும்.

ஈரநிலங்களுக்கு 1990 வேளாண் சட்டத்திலிருந்தே வேறு வழி உண்டு. அரசாங்கம் ஒரு தொகையைக் கொடுத்து, இனி எப்போதும் உழுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். யார் கைக்கு நிலம் மாறினாலும் அது செல்லும். மிக எளிதில் அரிக்கிற சரிவு நிலங்களுக்கு முதலில் இதைப் பரவலாகச் செய்திருக்கலாம் என்பது என் கட்சி. முன்பணம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால், ஒப்பந்தம் முடிந்ததும் உழுதுவிட்ட அந்தப் புல்லை விதைத்த செலவிலும் பாதி வரை கொடுத்தது அரசாங்கம்தானே?