தீவு காண்டலும் தீவு காத்தலும்

புதிய தீவொன்றைக் கண்டவனை உலகம் புகழ்கின்றது; அதனைக் காப்பவன் பெயரைக் கேட்பாரில்லை. இவ்விரண்டனுள் காத்தலே சிறந்ததென்பது எமது துணிபு.

வடதுருவக் கடலிலே, நார்வே நாட்டிற்கும் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் இடையே, கரடித் தீவு என்றொரு தீவு உண்டு. வானிலை நிலையத்தார் சிலரையன்றி அங்குக் குடிகள் இல்லை. 1596-இல் ஒல்லாந்து மாலுமியாகிய வில்லெம் பேரெண்ட்ஸ் குழுவினர் அதனைக் கண்டனர். நீந்திச் சென்ற வெண்கரடியொன்றைப் போராடிக் கொன்று, அக்கரடியின் பெயரையே தீவிற்கு இட்டனர். அடுத்த நூற்றாண்டில் வேட்டைக்காரர் வந்து, கரையிற் கூட்டங்கூட்டமாய்க் கிடந்த வால்ரஸ் என்னும் கடல்விலங்குகளைத் தந்தத்திற்காகவும் நெய்க்காகவும் கொன்று குவித்தனர். காண்டலால் விளைந்த பயன் இதுவே!

நிற்க. அத்துணைத் தொலைவு செல்வானேன்? நம் மன்னார் வளைகுடாவிலே, தூத்துக்குடி முதல் மண்டபம் ஈறாகக் குடிகளற்ற தீவுகள் 21 இருந்தன. அவற்றை முதலிற் கண்டவர் பெயர் நமக்கு எட்டவில்லை. கடலோடிகள் வழங்கிய தீவுப் பெயர்களே எட்டின. வேம்பாற்றுத் தொகுதியில் ஒன்று நல்லதண்ணித் தீவு; மற்றொன்று உப்புத்தண்ணித் தீவு. பெயரிட்டோர் கரடி தேடியவரல்லர், குடிநீர் தேடியவர் போலும்! இடைசெவல் போன்ற கரிசற் சிற்றூரிற் பிறந்தார்க்கு இப்பெயர்களின் அருமை சொல்லாமலே விளங்கும். எங்கள் பக்கத்துக் கிணறுகளையும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்றே பிரித்துரைப்பர்.

இத்தீவுகளுக்கு அரணாவன சூழ்ந்துள்ள பவளப் பாறைகள். சுண்ணாம்பிற்காகவும் கட்டடத்திற்காகவும் அவற்றைப் பல்லாண்டு வெட்டியெடுத்தனர். அரண் குலைந்தது, அலை மணலை அரித்தது. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருள் மறைந்தன. 1986-இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளத்திற்குச் சட்டக் காப்பும் கிடைத்தது. தேய்ந்துவந்த வான் தீவின் அருகே 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கி, அலையின் வேகத்தைத் தணிக்கலாயினர்.

“வயிற்றுப்பாட்டிற்காக ஏழைகள் வெட்டினர், அவர்களைக் குறை கூறலாமோ?” என வினவுவாருளர். கூறலாகாது, அவர்க்கு வேறு பிழைப்புக் காட்டுதலும் காவலின் பகுதியே. ஆயினும் பவளம் அழியின் அதனை அண்டி வாழும் மீனும் அருகும். அருகின் முதலிற் காய்வது அவ்வேழையின் வயிறே.

துருவத் தீவுகளின் பெயரைத் தேர்விற்காக நெட்டுருச் செய்யும் நாம், நம் கடலில் இரு தீவுகள் மறைந்ததை அறியாதிருத்தல் தகுமோ? புதிதாய்க் காண்டற்கு இனித் தீவுகள் அரிய. காத்தற்கோ, நம் கரையருகே இன்னும் 19 உள.