முழந்தாளிட்டு அழும் கொலைகாரன்

'டிடெக்டிவ் கொனன்' என்ற ஜப்பானியச் சித்திரத் தொடரின் இரசிகர்களிடையே நெடுநாளாக ஒரு பகிடி வழங்கி வருகிறது. உலகிலேயே குடியிருக்க அஞ்சவேண்டிய ஊர் எதுவென்றால், அத்தொடரின் கதைக்களமான பெய்கா என்பதே அது. அங்கே உணவகத்துக்குப் போனாலும் கொலை, நூலகத்துக்குப் போனாலும் கொலை, அயல்வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு பிணம். உண்மையான ஜப்பானிலோ ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் பேருக்கு ஒரு கொலைகூட நிகழ்வதில்லை. உலகில் கொலைகள் மிகக் குறைந்த நாடுகளுள் அதுவும் ஒன்று. ஆகவே இத்தொடர் நடைமுறைக்குப் புறம்பானது என்று கூறி, பிணங்களை எண்ணிச் சிரிக்கின்றனர்.

சிரிக்கட்டும். ஆனால் அவர்கள் குறை காணும் இடம் தவறானது என்பதே எனது வாதம். துப்பறியும் கதைக்குப் பிணம் வேண்டும். அது அந்த இலக்கிய வகையின் விதி. இத்தொடரின் பெரிய பொய் கொலை நடக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் இல்லை. கொலையாளி பிடிபடும் கடைசி ஐந்து நிமிடங்களில் இருக்கிறது.

தொடரை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். அஓயாமா கோஷோ என்ற ஓவியரின் இந்தச் சித்திரக்கதை 1994 இல் 'ஷோனென் சண்டே' வார இதழில் தொடங்கியது. 1996 ஜனவரியில் தொலைக்காட்சிக்கு வந்து, இன்று ஆயிரத்து நூறு அத்தியாயங்களைத் தாண்டி நிற்கிறது. குதோ ஷினிச்சி என்னும் பதினேழு வயது மாணவத் துப்பறிவாளனுக்குக் குற்றக்கும்பல் ஒன்று நஞ்சூட்டுகிறது. அவன் சாகாமல் ஏழு வயதுச் சிறுவனாகச் சுருங்கிவிடுகிறான். எடோகாவா ரம்போ, ஆர்தர் கொனன் டொயில் ஆகிய இரு எழுத்தாளர்களின் பெயர்களைச் சேர்த்து எடோகாவா கொனன் என்று பெயர் சூடிக்கொண்டு, மோரி கோகோரோ என்ற தனியார் துப்பறிவாளரின் வீட்டில் தங்குகிறான். கொலை நடந்ததும் மயக்க ஊசியால் கோகோரோவைத் தூங்கவைத்து, குரல் மாற்றும் கருவியின் மூலம் அவரது குரலிலேயே புதிரை அவிழ்க்கிறான்.

அதன்பின் நடப்பதுதான் கவனத்துக்குரியது. சந்தேகநபர்கள் மூவரோ நால்வரோ அந்த அறையிலேயே நிற்கின்றனர். பொலிஸ் பரிசோதகர் மெகுரே கேட்டுக்கொண்டு நிற்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒருமுறை மறுக்கிறார். ஆதாரம் எங்கே என்று கேட்கிறார். ஏதேனும் ஒரு பொருள் காட்டப்படுகிறது. உடனே அவர் முழந்தாளிட்டு விழுந்து அழுகிறார். பத்து வருடங்களுக்கு முந்திய பகையைச் சொல்லி, தானே கொன்றதாக ஒப்புக்கொள்கிறார். சட்டத்தரணி இல்லை, வழக்கு இல்லை, நீதிபதி இல்லை. ஒப்புதலோடு எல்லாம் நிறைவடைகிறது. வாரந்தோறும், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக, ஒரு தேசத்தின் பிள்ளைகள் இதைப் பார்த்து வளர்ந்திருக்கின்றனர்.

வேறெந்த நாட்டிலேனும் இதை ஒரு நாடக உத்தி என்று விட்டுவிடலாம். ஜப்பானில் அவ்வாறு விட முடியாது. ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றுகளின் அரசன் என்று வழங்குமளவுக்கு அதனைச் சார்ந்து நின்ற நீதிமுறை அது. கைதானவரைக் குற்றப்பத்திரம் இன்றியே 23 நாட்கள் வரை தடுத்து வைக்கலாம். புதிய குற்றச்சாட்டில் மீண்டும் கைது செய்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். விசாரணை அறையில் சட்டத்தரணி உடனிருக்கும் உரிமை கிடையாது. மறுப்பவருக்குப் பிணை கிடைப்பது அரிது. இதனையே அந்நாட்டுச் சட்டத்தரணிகள் 'பணயக்கைதி நீதி' என்று அழைக்கின்றனர். வழக்குக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 99 இற்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்படுகின்றனர். 1947 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 38 ஆம் உறுப்புரையோ, வற்புறுத்தியோ நீண்டகாலம் தடுத்து வைத்தோ பெற்ற ஒப்புதல் செல்லாது என்கிறது. ஒப்புதல் ஒன்றை மாத்திரம் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என்றும் சொல்கிறது. எழுத்தில் இருப்பது இது. நடந்தது வேறு.

1966 ஜூன் 30 அன்று ஷிசுவோக்கா மாநிலத்தின் ஷிமிசுவில், மிசோ தயாரிக்கும் நிறுவனமொன்றின் நிர்வாகியும் அவரது மனைவியும் பிள்ளைகள் இருவரும் குத்திக் கொல்லப்பட்டு, வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ஓர் அயலில் நிகழ்ந்த கொலை. கொனன் கதைக்குரிய எல்லாம் அதில் இருந்தன. ஓகஸ்டில் அந்நிறுவனத்தின் ஊழியரான முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஹக்கமாதா இவாஓ கைதானார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலங்களும் அதற்கு மேலும் விசாரிக்கப்பட்டு, ஏறக்குறைய இருபதாம் நாளில் ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் அதனை மறுத்தார். அவரது ஒப்புதல் ஆவணங்கள் 45 இல் 44 ஐ நீதிமன்றமே தள்ளிவிட்டது. எஞ்சிய ஒன்றை ஏற்று, 1968 இல் மரண தண்டனை விதித்தது. சம்பவம் நடந்து ஓராண்டுக்கும் மேலாகிய பின்னர் மிசோத் தொட்டிக்குள் கிடைத்த இரத்தக்கறை படிந்த உடைகளே முக்கிய சான்று. அந்தக் காற்சட்டை அவருக்குப் பொருந்தவே இல்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதிகளுள் ஒருவரான குமமோத்தோ நொரிமிச்சி, அவர் குற்றமற்றவர் என்றே தாம் நம்பியதாக 2007 இல் பகிரங்கமாகக் கூறினார்.

ஹக்கமாதா 2014 இல் வெளியே வந்தார். 2024 செப்டெம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது அவருக்கு வயது 88. அந்த உடைகளும் ஒப்புதல் ஆவணமும் விசாரணையாளர்களால் புனையப்பட்டவை என்று நீதிமன்றம் தீர்த்தது. கைதானபோது முப்பது வயது இளைஞர் அவர்.

இன்னொன்று. 1990 இல் தொச்சிகி மாநிலத்தின் அஷிக்காகா நகரில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அடுத்த ஆண்டு சுகாயா தொஷிகாசு என்பவர் ஒரே நாள் விசாரணையில் ஒப்புக்கொண்டு, கைதானார். அவருக்கு எதிராக நின்ற மரபணுச் சோதனை பிழையானது என்பது 2009 இல் நிரூபணமாக, 2010 இல் விடுதலைத் தீர்ப்பு வந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாசம் ஒருபுறம். மறுபுறம், அதற்கிடையில் வழக்குத் தொடரும் காலவரையறையே கடந்துபோயிருந்தது. சிறுமியைக் கொன்றவன் யாரென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. பொய்யான ஒப்புதல் ஒன்று நிரபராதியைச் சிறையில் அடைப்பதோடு, உண்மைக் கொலைகாரனுக்குக் கதவையும் திறந்துவிடுகிறது.

எம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸாரிடம் அளிக்கும் ஒப்புதலை ஏற்பதில்லை. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் அதனைத் தலைகீழாக்கி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ அளித்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் கைதியின் தலையிலேயே ஏற்றியது. அந்தத் தாள்களில் கையொப்பமிட்டவர்களின் குடும்பங்கள் உலகெங்கும் உள்ளன. அவர்களின் பிள்ளைகளும் இந்தத் தொடரைப் பார்க்கக்கூடும்.

"இது சிறுவர்க்கான சித்திரம், இதற்கு இவ்வளவு வியாக்கியானம் வேண்டுமா?" என்று சிலர் கேட்பர். நீதி என்றால் என்னவென்று ஒரு பிள்ளை முதன்முதலில் படிப்பது சட்டப் புத்தகத்தில் அன்று, கதையில்தான். பிடிபட்டவன் அழுவான், அழுதவன் குற்றவாளி என்ற பாடம் ஏழு வயதில் பதிந்துவிட்டால், முப்பது வயதில் பத்திரிகையில் 'சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்ற செய்தியைக் கண்டதும் வழக்கு முடிந்தது என்றே அவர் எண்ணுவார். ஜப்பானில் 2009 முதல் பொதுமக்களும் பாரிய குற்ற வழக்குகளில் நீதிபதிகளோடு அமர்ந்து தீர்ப்பளிக்கின்றனர். ஆகவே இது வெறும் இரசனைப் பிரச்சினை அன்று.

வேறு வழியில் கதை சொல்ல முடியாதா என்றால், இத்தொடரே முடியும் என்று காட்டியிருக்கிறது. 1997 இல் ஒளிபரப்பான நூலகக் கொலை அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெய்கா நூலகத்தின் ஊழியர் ஒருவரைக் காணவில்லை. மின்தூக்கியில் ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கைக்குக் குறைவானோர் நிற்கும்போதே பாரம் மிகுந்ததற்கான மணி ஒலிக்கிறது. அந்த அதிகப் பாரம் எங்கிருந்து வந்தது என்று கொனன் சிந்திக்கிறான். பிணம் மின்தூக்கியின் கூரைமேல் கிடக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களுக்குள் போதைப்பொருள் மறைந்திருக்கிறது. இங்கே எவருடைய கண்ணீரும் தேவைப்படவில்லை. பாரம் சாட்சி சொல்கிறது, பொருள் சாட்சி சொல்கிறது. நூலகத் தலைவர் வாயே திறக்காதிருந்தாலும் வழக்கு நிற்கும். இரசிகர்கள் இன்றும் அச்சத்தோடு நினைவுகூரும் அத்தியாயங்களுள் இதுவும் ஒன்று என்பது தற்செயல் அன்று.

அஓயாமாவின் திறமையை நான் மறுக்கவில்லை. துப்பறிதலின் பெருமை, எவரும் வாய் திறவாமலே உண்மையைக் காண்பதில்தான் இருக்கிறது. அத்தனை நுணுக்கமாகத் தடயம் பொறுக்கிய சிறுவன், இறுதியில் ஓர் அழுகைக்காகக் காத்து நிற்பது அவனது அறிவுக்கே இழுக்கு. ஆயிரத்து நூறு அத்தியாயங்களில் ஒன்றிலேனும், கொனன் சுட்டிய மனிதன் நிமிர்ந்து நின்று, "நான் செய்யவில்லை; என் சட்டத்தரணியிடம் பேசுங்கள்" என்று கூறி, கடைசிவரை கூறி, ஈற்றில் அவன் சொன்னதே சரியாகவும் இருக்கட்டும். அப்படியொரு கதையைப் பார்த்து வளரும் பிள்ளை, நாளை ஒரு ஹக்கமாதாவின் வழக்கில் தீர்ப்பளிக்க அமரும்போது, அந்தக் காற்சட்டை பொருந்துகிறதா என்று ஒருமுறையாவது கேட்கும்.