பழைய நூலும் பழைய மேலங்கியும்

பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்த நூலைப் பெருமையோடு காட்டும் நாம், பழைய மேலங்கி என்றதும் குரலைத் தாழ்த்துகிறோம். பெயரடை ஒன்றுதான்; மதிப்புதான் வேறு.

குல்மார்க்கிலோ ஔலியிலோ பனிச்சறுக்குப் பயில விரும்பும் ஆய்வு மாணவர், பயிற்சிக் கட்டணத்தை எப்படியோ திரட்டிவிட்டாலும் புதிய உடையின் விலையில் நின்றுவிடுகிறார். மலையடிவாரத்து வாடகை உடைகளோ பெரும்பாலும் ஒரு மணி நேரப் புகைப்படத்திற்கானவை.

கடந்த குளிர்காலத்தில் தில்லி நடைபாதையில் பழைய மேலங்கி ஒன்று வாங்கினேன். வெளியே பெயர்பெற்ற முத்திரை. உள்ளே நீர்காப்புப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. திருப்பிப் பார்க்காதது என் பிழை. இரண்டாம் நாளே முழுக்க நனைந்தேன். உதிர்ந்த பூச்சை மீட்க வழியில்லை. வெளித்துணியில் நீர் முத்தாகத் திரளாமல் ஊறுவது மட்டுமே குறையென்றால், துவைத்து நீர்விலக்கி தெளித்தால் போதும். பயில்பவர் நிற்பதைவிட விழுந்து கிடப்பதே மிகுதி. ஆகவே கைப்பணம் குறைவென்றால் மேலங்கியைவிடக் காற்சட்டைக்கே முதலிடம் தாருங்கள். சூட்டுக்கு உள்ளே கம்பளிச் சட்டை இருக்கிறது.

கயிறும் கூடாரமும் பொதுவில் வைத்துக்கொள்ளும் பல்கலைக்கழக மலையேற்றக் குழுக்கள் உடையையும் ஏன் வைக்கக் கூடாது? விடுதியைக் காலி செய்வோரிடம் இரு வாரமே அணிந்த உடைகள் கிடக்கின்றன. எங்கள் துறையில் கேட்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை இரண்டு காற்சட்டைகள் வந்துள்ளன.